யாப்புச் சொற்களும் அவற்றின் வரலாறும்

குறளடி என்றால் என்ன என்று நம் மாணவரைக் கேட்டால், இரண்டு சீர்களைக் கொண்ட அடி என்று தடையின்றி விடை கூறுவர். அதே மூச்சில், திருக்குறளில் குறளடி எங்கெங்கே வருகின்றது என்று கேட்டுப் பாருங்கள். திருக்குறள் முழுவதுமே குறளடிதானே என்பார் பலர். உண்மையோ வேறு. 1330 குறள்களில் ஒன்றிலேனும் குறளடி இல்லை. ஒவ்வொரு குறளிலும் முதலடி நான்கு சீர்களைப் பெற்ற அளவடி; இரண்டாமடி மூன்று சீர்களைப் பெற்ற சிந்தடி. அடி இரண்டாகக் குறுகியமையால் அது குறள் வெண்பா. சீர் இரண்டாகக் குறுகினால்தான் அது குறளடி. குறுமை ஒன்றே, குறுகிய பொருள் வேறு.

இம்மயக்கம் மாணவரின் சோம்பலால் வந்ததன்று. யாப்புச் சொற்கள் யாவும் ஒரே நாளில் ஒருவராலேயே ஆக்கப்பட்டு, அன்றுதொட்டு இன்றுவரை மாறாமல் நிற்பன போல நாம் கற்பித்து வருவதே அதற்குக் காரணம். சொற்களுக்குப் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, சிலவற்றுக்கு மறைவும் உண்டு. தொல்காப்பியர் காலத்தில் ஒரு பொருளைச் சுட்டிய சொல், யாப்பருங்கலக்காரிகை தோன்றிய காலத்தில் மற்றொரு பொருளைச் சுட்டுகிறது. அந்த இடைவழியைக் காட்டாமல் இரு முனைகளில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்விப்பதால், மாணவன் சூத்திரத்தைப் பெறுகிறான், செய்யுளை இழக்கிறான்.

முதற்கண் இச்சொற்களின் குடும்பத்தை நோக்குவோம். யாப்பு என்பது யாத்தல், அதாவது கட்டுதல். தளை என்பதும் கட்டே. காலில் இடும் விலங்கிற்கும் அதுவே பெயர். காரிகை நூலார் தளையைப் பந்தம் என்றும் குறிப்பார். தொடை என்பது தொடுத்தல். பூவைத் தொடுத்தால் மாலை, சொல்லைத் தொடுத்தால் பா. நூல் என்னும் சொல்லையே பஞ்சிலிருந்து இழை நூற்கும் தொழிலோடு ஒப்பிட்டு நன்னூல் விளக்குகிறது. பூத் தொடுப்பவரும் பஞ்சு நூற்பவரும் கைகளால் செய்த தொழில்களிலிருந்து நம் முன்னோர் செய்யுளுக்குப் பெயர்களை எடுத்திருக்கிறார்கள். வகுப்பில் தொடை என்னும் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், தீபாவளிக்கு வாங்கிய மாலை ஒன்றைக் கையில் எடுத்துச் சென்றாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இனி, செய்யுளின் உறுப்புகள் எத்தனை? ஆறு என்பது நம் பாடநூல்களின் விடை. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பன அவை. இது காரிகையின் வழி. காரிகையை இயற்றிய அமிதசாகரர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர். அவருக்கு மிக முற்பட்ட தொல்காப்பியமோ 34 உறுப்புகளைக் கூறுகிறது. மாத்திரை முதல் வண்ணம் ஈறாக 26. அம்மை முதல் இழைபு ஈறாக எண்வகை வனப்பு. இந்த 34க்கும் அந்த ஆறுக்கும் இடையே விடுபட்டவை எவை என்று பார்த்தால், இலக்கியம் கற்பிப்பவர் நெஞ்சு சற்றுத் துணுக்குறும். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம், நோக்கு ஆகியவை விடுபட்டவற்றுள் உள்ளன. பாட்டில் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார், எவ்விடத்தில், எப்பொழுதில், என்ன பயன் கருதி என்பவற்றையும் செய்யுளின் உறுப்பாகவே தொல்காப்பியர் எண்ணினார். குறுந்தொகைப் பாட்டு ஒன்றை வகுப்பில் நடத்தும்போது நாம் முதலில் கேட்கும் வினாக்களும் இவையே அல்லவா? தோழி கூற்றா, தலைவி கூற்றா என்பதை அறியாமல் ஓர் அகப்பாட்டினுள் நுழைய இயலுமா?

அமிதசாகரரைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. புதிதாகப் பாப்புனையக் கற்பவனுக்கு ஓசையின் உறுப்புகளைச் சுருக்கித் தருவதே அவர் மேற்கொண்ட பணி. அதை அவர் அழகுறச் செய்தார். ஒரு பெண்ணை விளித்துப் பாடம் சொல்வதுபோல மகடூஉ முன்னிலையாக நூலை அமைத்தார். அந்நூலும் கடினம் என்று கருதி, காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று நகையாடியவர் ஒருவர் உண்டு என்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. குறை நம்முடையது. பாப்புனைவோனுக்கு எழுதிய கையேட்டைப் பாப்படிப்போனுக்கும் போதும் என்று நாம் நிறுத்திக்கொண்டோம்.

அடியைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. குறளடி, சிந்தடி, அளவடி, நெடிலடி, கழிநெடிலடி என்னும் ஐந்தையும் சீரை எண்ணி வகுப்பது காரிகை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்தின் மிக்கன என்பது அவ்வெண். தொல்காப்பியத்தில் அடி என்றாலே நாற்சீர்தான். அவ்வாறாயின் அவர் எதனை எண்ணி ஐவகை ஆக்கினார்? எழுத்தை எண்ணினார். நான்கு எழுத்து முதல் ஆறு வரை குறளடி. ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி. பத்து முதல் பதினான்கு வரை நேரடி எனப்படும் அளவடி. பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி. பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி. இவ்வெண்ணிக்கையில் மெய்யெழுத்துச் சேராது.

நம் நாட்டு ஊர்ப்பெயர்களைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். ஈப்போ, கிள்ளான், தைப்பிங், மூவார் என்னும் நான்கையும் ஓரடியாக நிறுத்துக. சீர் நான்கு, ஆகவே காரிகையின்படி அளவடி. மெய் நீக்கி எண்ணினால் எழுத்து எட்டு. ஆகவே தொல்காப்பியத்தின்படி சிந்தடி. ஒரே அடிக்கு இரு பெயர், இரண்டும் சரி. திருக்குறளின் முதற் குறளில் முதலடியை எண்ணினால் 12 எழுத்து வரும். அது இரு நூலாருக்கும் அளவடியே.

பெயர்களைப் பொறுத்தமட்டில், உரையாசிரியர் இவற்றை மக்களின் உயரத்தோடு ஒப்பிட்டு விளக்குவர். குறளன், சிந்தன், அளவிற்பட்டான், நெடியான், கழியநெடியான் என்பன அவ்வொப்புமை. அளக்கும் கோல் எழுத்திலிருந்து சீருக்கு மாறியது, பெயர்கள் மாறவில்லை. எழுத்தெண்ணும் பழைய வழக்கம் அடியோடு அழிந்துவிடவும் இல்லை. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று இன்றும் எண்ணுகிறோம். காரிகை நூலே அந்தக் கட்டளைக் கலித்துறையில்தான் இயற்றப்பட்டது. எழுத்தெண்ணுவதை அடியின் இலக்கணத்திலிருந்து நீக்கிய நூல், தன் உடலில் அதனைச் சுமந்து நிற்கிறது.

வரலாற்றை அறிந்தால் ஐயம் தீரும் என்பதற்கு இன்னும் சிறந்த சான்று காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகள். வெண்பாவின் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாக முடிய வேண்டும் என்று கற்பிக்கிறோம். நான் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு மாலை வகுப்பில் யாப்பு நடத்திய நாள்களில், ஒரு மாணவி எழுந்து, “ஐயா, காசு என்பதும் நேர் நேர், தேமா என்பதும் நேர் நேர். காசு என்று முடிக்கலாம், தேமா என்று முடிக்கக் கூடாது என்றால் எப்படி?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வியோ சிரிப்பதற்குரியதன்று. காரிகையை மட்டும் வைத்துக்கொண்டு அவளுக்கு விடை கூறினால், அது விதி, அவ்வளவுதான் என்று முடிக்க நேரும்.

விடை தொல்காப்பியத்தில் உள்ளது. அங்கே அசை இரண்டல்ல, நான்கு. நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பனவும் உண்டு. நேரசையின்மேல் ஒரு குற்றியலுகரம் ஏறினால் நேர்பு. நிரையசையின்மேல் ஏறினால் நிரைபு. சிறுபான்மை முற்றியலுகரமும் இவ்வாறு வரும். அப்பெயர்களை உரக்கச் சொல்லிப் பார்த்தால், அவையே தமக்கு எடுத்துக்காட்டாக நிற்பது விளங்கும். குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகி ஒலிப்பது. தனித்து நின்று ஓரசை ஆகும் வலிமை அதற்கு இல்லை. முன்னுள்ள அசையின் தோளில் ஏறிக்கொள்கிறது. ஆகவே தொல்காப்பியர் கணக்கில் காசு என்பது ஈரசை அன்று, ஓரசையே. வெண்பா ஓரசைச் சீரால் முடியும் என்னும் ஒரே விதி அவருக்குப் போதுமாயிற்று. பிற்காலத்தார் நேர்பும் நிரைபும் வேண்டா என்று நீக்கினர். நீக்கிய பின்னரும் வெண்பா பழைய ஓசையிலேயே முடிந்தது. அம்முடிவைக் குறிக்க நாளும் மலரும் போதாமல், காசும் பிறப்பும் தேவைப்பட்டன. வேரை வெட்டிய இடத்தில் நின்ற இரு தளிர்கள் என்று அவற்றைக் கூறலாம். பினாங்கு என்னும் பெயரை அம்மாணவி வெண்பாவின் ஈற்றில் வைக்கலாம், அது பிறப்பு. ஈப்போவை வைக்கலாகாது, அது தேமா.

வாய்பாடு என்று வந்தமையால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பவற்றையும் ஒருமுறை பாராட்டிவிடுவோம். உலகில் பெரும்பாலான கலைச்சொற்கள் பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடும். இவை பொருளாகவே நிற்கின்றன. தேமா என்னும் சொல்லே நேர் நேர். கூவிளம் என்னும் சொல்லே நேர் நிரை. இலக்கணமும் எடுத்துக்காட்டும் ஒரு சொல்லில் அடங்கின. ஆனால், இம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் கூவிளத்தையும் கருவிளத்தையும் கண்டிருப்பர்? கூவிளம் என்பது வில்வம் என்று சொன்னாலும் கோயிலுக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. கற்பிக்கும் தொடக்கத்தில் அவர்கள் அறிந்த பெயர்களைக் கொண்டு கை தட்டச் செய்வதில் பிழையில்லை. ரப்பர் தேமா, டுரியான் புளிமா, செம்பனை கூவிளம், பனைமரம் கருவிளம், ரம்புத்தான் தேமாங்காய். வாய்பாட்டை மாற்றச் சொல்லவில்லை. வாய்பாட்டை அடையும் படி இது.

தொடையைப் பற்றி ஒரு செய்தி. அடிதோறும் முதலெழுத்து ஒன்றுவது மோனை; இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை; இறுதி ஒன்றுவது இயைபு. மூன்றும் தொல்காப்பியர் காலத்துப் பெயர்கள். பொருளிலும் பெரும் மாற்றமில்லை. ஆயினும் நம் மாணவர்க்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. அவர்கள் மலாய்ப் பாடத்தில் பந்துன் படிக்கிறார்கள். நான்கு அடிப் பந்துனில் முதலடியின் இறுதியும் மூன்றாமடியின் இறுதியும் ஒத்து வரும். இரண்டாமடியும் நான்காமடியும் அவ்வாறே. ஆங்கிலப் பாட்டிலும் ஒலி ஒத்து வருவது பெரும்பாலும் அடியின் இறுதியிலேயே. ஆகையால், ஒலி ஒத்து வருவது எதுவோ அதுவே எதுகை என்று எண்ணி, அடியின் கடைசியில் எதுகையைத் தேடுகின்றனர். மலாய்ப் பாட்டு வாலில் அணிந்ததைத் தமிழ்ப் பாட்டு தலையில் அணிகிறது என்று கூறினால் சிறுவர்க்குப் புரியும். வால் அணி தமிழுக்கும் உண்டு, அதன் பெயர் இயைபு என்பதையும் உடன் கூற வேண்டும். தலையெதுகைக்கு நம் முன்னோர் தந்த முதன்மை எத்தகையது என்பதற்கு வீரமாமுனிவரின் சதுரகராதியே சான்று. 1732இல் அவர் தொகுத்த அவ்வகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று தொடை; பாப்புனைவோர்க்கு உதவும்படி எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கிய பகுதி அது.

அணி என்னும் சொல்லின் வழி வேறு. தொல்காப்பியத்தில் அணியியல் என ஓர் இயல் இல்லை, உவமவியல் உண்டு. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்பது அங்குள்ள பகுப்பு. வேறோர் அடைவுமின்றி, இந்நான்கை மட்டும் கொண்டு ஒரு மாணவன் எவ்வுவமையையும் ஆராய்ந்துவிடலாம். வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், வடமொழித் தண்டியின் நெறியைத் தழுவி அலங்காரத்தை ஐந்தாம் இலக்கணமாக அமைத்தது. அடுத்த நூற்றாண்டில் தண்டியலங்காரம் தோன்றி, 35 பொருளணிகளை வகுத்தது. உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை முதலியன தனித்தனி அணிகளாக நம் கைக்கு வந்தது இவ்வழியே. நம் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் மொழியணி என்னும் தலைப்பின்கீழ் இணைமொழியும் இரட்டைக்கிளவியும் மரபுத்தொடரும் பழமொழியும் இடம்பெறுகின்றன. தண்டியாசிரியர் இவற்றை அணி என்று ஏற்பாரா என்பது ஐயமே. ஆயினும் அணி என்னும் சொல் வகுப்பறையில் புதுப்பொருள் பெற்று வாழ்கிறது என்று கொள்வதே முறை. ஒன்று மட்டும் வேண்டுவேன்: இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவனிடம், முன்பு படித்த மொழியணி வேறு, இப்போது படிக்கும் அணியிலக்கணம் வேறு என்று ஆசிரியர் ஒருவராவது எடுத்துரைத்தல் வேண்டும்.

வண்ணம், சிந்து என்னும் இரண்டும் பொருள் விரிந்த சொற்கள். வண்ணம் தொல்காப்பியத்தில் இருபது வகைப்பட்ட ஓசை நலம்; பின்னர் அருணகிரிநாதர் பாடியவை போன்ற சந்தப் பாடல்களுக்கே பெயராயிற்று. சிந்து என்பது அடியின் அளவாக இருந்து, காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து எனப் பாட்டு வடிவமாக மக்களிடையே உலாவியது.

செய்யுள் என்னும் சொல்லுக்கோ இதற்கு மாறான நிலை நேர்ந்தது. அது சுருங்கியது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகையையும் யாப்பின் வழிப்பட்டனவாகத் தொல்காப்பியர் வகுத்தார். உரைநடையும் விடுகதையும் பழமொழியும் அவருக்குச் செய்யுளின் எல்லைக்குள் அடங்கின. இன்று செய்யுள் என்றால் பொருள் விளங்காத பழம்பாட்டு என்று மாணவன் நினைக்கிறான். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, தமிழில் அதுவரை இல்லாத அவ்வடிவத்தை வசன காவியம் என்று குறித்தார். புதியதொன்றைப் பழைய சொல்லின் துணையோடு அறிமுகப்படுத்திய அம்முறை தொல்காப்பியரின் விரிந்த பகுப்புக்கு அயலானதன்று. அங்கதம் என்னும் சொல்லும் நெடுநாள் உறங்கிக் கிடந்து, எள்ளல் இலக்கியத்தைக் குறிக்க இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது.

இறுதியாக, நம் எழுத்தாளரிடையே பெரும் பூசலை விளைவித்த சொற்களுக்கு வருவோம். சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டை ஒட்டியே புதுக்கவிதை என்னும் பெயரும் பரவலாயிற்று. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வெளிவந்தது. நம் நாட்டில் 1964இல் வெளிவந்த சி. கமலநாதனின் படைப்பைப் புதுக்கவிதையின் தொடக்கமாகக் கூறுவர். எழுபதுகளில் அது கவிதையா, உடைத்துப் போட்ட உரைநடையா என்று மேடைதோறும் வழக்காடினோம். அவ்வழக்கில் ஒரு தரப்பார் தம்மை மரபுக்கவிஞர் என்று அழைத்துக்கொண்டனர். புதுக்கவிதை தோன்றுவதற்கு முன் மரபுக்கவிதை என்னும் பெயருக்கே தேவை இருக்கவில்லை என்பதை இரு தரப்பாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பழையது என்று கருதப்படும் சொல் உண்மையில் புதியதைவிடப் பின்னர்ப் பிறந்தது. மரபு என்பது தொல்காப்பியத்தில் செய்யுளுறுப்புகளுள் ஒன்றுதான். ஆனால் அங்கே அதன் பொருள், இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நால்வகைச் சொல்லும் தத்தம் இயல்பில் செய்யுளில் அமைவது. வெண்பாத் தளை தட்டாமல் எழுதுவது என்பதன்று.

புதியதைக் குறிக்கவும் அந்நூலில் ஒரு சொல் உண்டு. எண்வகை வனப்பினுள் ஒன்றாகிய விருந்து அது. புதுமையாகப் புனைந்த யாப்பே விருந்து என்பது கருத்து. புதுக்கவிதைக்குத் தொல்காப்பியரே இசைவு தந்துவிட்டார் என்று இச்சொல்லைக் காட்டி வாதிட்டவர் உண்டு. அவர்கள் புனைந்த என்பதைப் பார்த்தார்கள். யாப்பு என்பதைப் பார்க்கவில்லை. விருந்தும் யாக்கப்பட்டதே. எனினும் மறுதரப்பார் பேராசிரியரின் உரையைப் புரட்டிப் பார்த்திருந்தால் அவர்களும் சற்று அமைதி கொண்டிருப்பர். விருந்துக்கு எடுத்துக்காட்டாக அவ்வுரையாசிரியர் முத்தொள்ளாயிரத்தையும், பொய்கையார் முதலியோர் பாடிய அந்தாதிகளையும், கலம்பகம் போன்றவற்றையும் காட்டுகிறார். நாம் மரபிலக்கியம் என்று பாடத்தில் வைத்து, தேர்வில் வினாக் கேட்கும் அந்தாதியும் கலம்பகமும் ஒரு காலத்தில் தமிழ் வீட்டின் வாயிலில் வந்து நின்ற விருந்தினர்.